நெட் இல்லாம போன்ல இருந்து போனுக்கு பணம்: உள்ள என்ன நடக்குது?

ரெண்டு போனை முதுகோட முதுகு ஒட்டி வெச்சா ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு பணம் போகும்னு சொன்னா இப்ப யாரும் ஆச்சரியப்படுறதில்ல. ஆனா அந்த நேரத்துல ரெண்டு போன்லயும் நெட் இல்லன்னா அந்தப் பணம் உண்மையில எங்க இருக்கு, வாங்குறவங்க எதை நம்பி பொருளை எடுத்துக் கொடுக்குறாங்க, நடுவுல ஏதாவது ஆச்சுன்னா நஷ்டம் யாருக்கு, இதுக்கெல்லாம் பதில் தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி. என்னோட கருத்த முதல்லயே சொல்லிடறேன். போனை தட்டுறது, ஒட்டுறது, ஸ்கேன் பண்றது எல்லாம் இதுல சின்ன வேலை, அதுக்கான டெக்னாலஜி வந்து இருபது வருஷம் ஆச்சு. கஷ்டமான வேலை என்னன்னா, பேங்க் கூட பேசவே முடியாத நேரத்துல ஒரு போன் சொல்றத இன்னொரு போன் நம்புறது. வடசென்னைக்கு அதுதான் அவசரமா வேணும், ஆனா இங்க இருக்குறவங்க கையில இருக்குற போன்ல அதுதான் இல்ல.

காசிமேடு ஹார்பர்ல விடியக்காலைல ஏலம் நடக்குற நேரத்துல, அதுவும் ஞாயித்துக்கிழமை போயிருந்தீங்கன்னா தெரியும், அந்த கொஞ்ச இடத்துல அத்தனை பேரும் ஒரே நேரத்துல போனை எடுத்து பணம் போடுறாங்க, எல்லாருக்கும் பக்கத்துல இருக்குற அதே டவர்தான், அது தாங்குமா? வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். "அக்கா போட்டுட்டேன் பாருங்க"ன்னு வாங்குறவரு சொல்வாரு, "இருப்பா, இன்னும் சத்தம் வரல"ன்னு மீன் விக்கிறம்மா ஸ்பீக்கர் பெட்டிய பாப்பாங்க, பின்னாடி நாலு பேர் நிப்பாங்க, ஐஸ் கரைஞ்சிட்டு இருக்கும். இது தினசரி கஷ்டம். இதவிட பெரிய கஷ்டம் மழைக்காலத்துல வரும். 2023 டிசம்பர் ஆரம்பத்துல மிக்ஜாம் புயல் வந்தப்போ வியாசர்பாடி, புளியந்தோப்பு, மணலி, எண்ணூர் பக்கமெல்லாம் தண்ணி நின்னு பல தெருவுல நாள் கணக்கா கரண்ட் இல்ல. கரண்ட் போனா டவர் பேட்டரில கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் டீசல்ல ஓடும், டீசல் கொண்டுவர வண்டியே தண்ணிக்குள்ள வர முடியலன்னா அதுவும் நின்னுடும். அக்கவுன்ட்ல பணம் இருக்கு, பால் பாக்கெட் வாங்க முடியல. அதுக்கு முன்னாடி 2016ல இன்னும் மோசம், நவம்பர் 8ஆம் தேதி பழைய 500, 1000 நோட்டு செல்லாதுன்னு சொன்னாங்க, டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் அடிச்சுது. கையில நோட்டு இல்ல, ஏடிஎம்ல காசு இல்ல, இருக்குற ஒண்ணு ரெண்டு ஸ்வைப் மெஷினுக்கும் டவர் இல்ல.

சரி, சாதாரணமா நாம ஜீபே பண்றப்போ என்ன நடக்குதுன்னு முதல்ல பாத்துடலாம், அப்பதான் நெட் இல்லாம பண்றது எவ்ளோ வேற விஷயம்னு புரியும். ஜீபேக்கு அடியில ஓடுற யூபிஐ முறைய 2016 ஏப்ரல்ல என்பிசிஐங்கிற தேசிய பணப்பரிமாற்ற அமைப்பு கொண்டுவந்தது. நீங்க பணம் போட்டா உங்க ஆப் அதோட பேங்க்கிட்ட சொல்லும், அது என்பிசிஐ கிட்ட போகும், அங்கிருந்து உங்க அக்கவுன்ட் இருக்குற பேங்க்கிட்ட போய் பணத்த கழிக்க சொல்லும், அப்புறம் வாங்குறவங்க பேங்க்ல சேக்க சொல்லும், கடைசியா ரெண்டு போனுக்கும் பதில் வரும். இத்தனை இடத்துல ஒரு இடம் மந்தமா இருந்தாலும் நம்ம திரையில வட்டம் சுத்தும். 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 தேதிகள்ல நாடு முழுக்க யூபிஐ தடுமாறினது ஞாபகம் இருக்கும், அப்போ டவர் நல்லாதான் இருந்துச்சு, பின்னாடி இருக்குற சர்வர்தான் பிரச்சனை.

இதுல பாதுகாப்பு எங்க இருக்குன்னா ரெண்டு இடத்துல. ஒண்ணு, ஆப் போட்டதும் உங்க சிம்ல இருந்து தானா ஒரு மெசேஜ் போகுதே, அது இந்த நம்பர் இந்த போன்ல தான் இருக்குன்னு கட்டிப்போடுறதுக்கு. வேற போன்ல உங்க பின் மட்டும் தெரிஞ்சா போதாது. ரெண்டாவது அந்த பின் பக்கம், அது நீங்க வெச்சிருக்குற ஆப்போட பக்கம் கிடையாது, என்பிசிஐ கொடுக்குற தனி மென்பொருள் துண்டு, நீங்க அடிக்கிற நம்பர அங்கேயே பூட்டி அனுப்பிடும், ஆப் கம்பெனியால அத படிக்க முடியாது, உங்க பேங்க்தான் சரிபாக்கும். யோசிச்சுப் பாத்தா இந்த ரெண்டு பூட்டும் ரொம்ப நல்ல பூட்டு, நம்ம ஊர்ல நடக்குற மோசடில பெரும்பாலும் இந்தப் பூட்ட யாரும் உடைக்கிறதில்ல, நம்ம கையாலயே திறக்க வெச்சிடறாங்க. அத அப்புறம் சொல்றேன்.

இப்ப ஒட்டி வெக்கிற விஷயத்துக்கு வருவோம். அதுக்குப் பேர் என்எஃப்சி. 13.56 மெகாஹெர்ட்ஸ்ல வேலை செய்ற ரேடியோ, போன் முதுகுல ஒரு சின்ன கம்பிச் சுருள் இருக்கும், ரெண்டு சுருளும் நாலஞ்சு சென்டிமீட்டருக்குள்ள வந்தாதான் பேசிக்கும். 2004ல நோக்கியா, பிலிப்ஸ், சோனி மூணு கம்பெனியும் சேர்ந்து இதுக்கு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. ஆண்ட்ராய்டுல 2013ல வந்த 4.4 வெர்ஷன்ல இருந்து போனே ஒரு கார்டா நடிக்க முடியும், அதனாலதான் கடையில மெஷின்ல போனை காட்டி பணம் கட்ட முடியுது. அப்படி கட்டுறப்போ உங்க உண்மையான கார்டு நம்பர் வெளில போறதில்ல, அதுக்கு பதிலா ஒரு மாற்று நம்பரும், ஒவ்வொரு தடவைக்கும் புதுசா உருவாகுற ஒரு ரகசிய குறியும் தான் போகும். கடைக்காரர் மெஷின்ல இருந்து யாராவது அத திருடினாலும் அடுத்த தடவை செல்லாது.

நாலு சென்டிமீட்டர் தூரம்னா ரொம்ப பாதுகாப்புன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. தூரம் கம்மியா இருக்குறது உதவிதான், ஆனா அத மட்டும் நம்பக்கூடாது. ஒருத்தன் உங்க பக்கத்துல ஒரு போனை வெச்சுக்கிட்டு நிக்கிறான், அவன் கூட்டாளி வேற ஊர்ல ஏடிஎம் முன்னாடி இன்னொரு போனோட நிக்கிறான், இங்க உங்க கார்டு பேசுறத அப்படியே நெட் வழியா அங்க கடத்துறான், ஏடிஎம் உங்க கார்டு தன் முன்னாடி இருக்குறதா நினைச்சுக்கும். இத கதையா சொல்லல. ஜெர்மனில டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக மாணவர்கள் ஆராய்ச்சிக்காக செஞ்ச என்எஃப்சிகேட்ங்கிற கருவிய திருடனுங்க எடுத்து மாத்தி, செக் நாட்டு பேங்க் கஸ்டமர்கள ஏமாத்தினத 2024ல இசெட்ங்கிற வைரஸ் தடுப்பு கம்பெனி வெளில கொண்டுவந்தது, அந்த வைரஸுக்கு என்கேட்னு பேர் வெச்சாங்க. பேங்க் ஆப்னு சொல்லி போட வெச்சு, கார்ட போன் பின்னாடி வைங்க, பின் அடிங்கன்னு சொல்லி அந்த தகவல கடத்தினாங்க. அதனால தூரத்துக்கு மேல வேற காவல் வேணும். போன் லாக் திறந்திருந்தாதான் பணம் போகணும், திரையில தொகை காட்டணும், வாங்குற போன் ஒவ்வொரு தடவையும் ஒரு புது எண்ணை கேள்வியா அனுப்பி அதுக்கான பதில மட்டும் தான் ஏத்துக்கணும், பதில் வர நேரம் தாண்டினா நிராகரிக்கணும்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பின்னாடி ஒரு பேங்க் எங்கயோ விழிச்சிட்டு இருக்குங்கிற தைரியத்துல. அந்த பேங்க்க எடுத்துட்டா என்ன ஆகும்?

நோட்டுன்னா நான் உங்ககிட்ட கொடுத்துட்டா என் கையில இல்ல. போன்ல இருக்குற பணம் வெறும் எண்ணு, எண்ண நகல் எடுக்கலாம். என்கிட்ட 500 ரூபா இருக்குன்னு என் போன் சொல்லுது, அத தண்டையார்பேட்டைல ஒரு கடைல கொடுக்கிறேன், போன்ல இருந்த பழைய நிலைய திரும்ப ஏத்திட்டு அதே 500 ரூபாய கொருக்குப்பேட்டைல இன்னொரு கடைல கொடுக்கிறேன், ரெண்டு கடைக்கும் நெட் இல்ல, ரெண்டு பேருமே நம்பிட்டாங்க. சாயந்தரம் டவர் வந்ததும் ஒருத்தருக்கு பணம் வரும், இன்னொருத்தருக்கு நாமம். டிஜிட்டல் பணத்துல இருக்குற பழைய பெரிய சிக்கல் இதுதான். டேவிட் சாம்னு ஒரு கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் 1982லயே டிஜிட்டல் பணத்துக்கு வழி சொன்னாரு, 1988ல ஃபியட், நயோர்ங்கிற இன்னும் ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கூட சேர்ந்து நெட் இல்லாம கொடுக்கிற பணத்துக்கும் ஒரு முறை எழுதினாரு, ஒருதடவை கொடுத்தா ஆள் யாருன்னு தெரியாது, அதே பணத்த ரெண்டாவது தடவை கொடுத்தா ஆள் யாருன்னு கணக்குலயே வெளிப்பட்டுடும். அற்புதமான கணக்கு. ஆனா அது திருடினதுக்கு அப்புறம் திருடன காட்டிக்கொடுக்கும், திருட்ட தடுக்காது. 1995ல இங்கிலாந்துல ஸ்விண்டன்ங்கிற ஊர்ல மான்டெக்ஸ்னு ஒரு கார்டு விட்டாங்க, அது வேற வழி, சிப்புக்குள்ளயே பணத்த வெச்சு கார்டுல இருந்து கார்டுக்கு மாத்தலாம், பேங்க்க கேக்கவே வேணாம். சிப்ப உடைக்க முடியாதுங்கிறது தான் அதோட மொத்த நம்பிக்கை. மக்கள் மத்தில அது நிக்கல, ஆனா இன்னைக்கு போன்ல வர்றதுக்கு தாத்தா அதுதான்.

இப்ப போன்ல எப்படி பண்றாங்கன்னா, இந்த வகை சிஸ்டம் எல்லாத்துக்கும் பொதுவா இருக்குற அமைப்ப சொல்றேன். போனோட ப்ராசஸர்ல ஒரு தனி அறை இருக்கும், ஆண்ட்ராய்டே உள்ள எட்டிப் பாக்க முடியாத அறை, சில போன்ல அதுக்குன்னு தனி சிப்பே இருக்கும். அந்த அறைக்குள்ள ஒரு ரகசிய சாவி, மீதிப் பணம், அப்புறம் ஒரு எண்ணிக்கை இருக்கும். அந்த எண்ணிக்கை ஒவ்வொரு தடவை பணம் கொடுக்குறப்பவும் ஒண்ணு ஏறும், இறங்கவே இறங்காது, அதனாலதான் பழைய நிலைய திரும்ப ஏத்துற தந்திரம் பலிக்காது. நீங்க 200 ரூபா கொடுத்தா அறைக்குள்ளயே மீதி குறைஞ்சு, "இந்த போனுக்கு, இவ்ளோ ரூபா, என் எண்ணிக்கை இது, நீ கேட்ட கேள்வி எண் இது"ன்னு ஒரு சீட்டு எழுதி அந்த சாவியால கையெழுத்துப் போட்டு அனுப்பும். வாங்குற போன்ல அந்த கையெழுத்த சரிபாக்குறதுக்கான பொதுச் சாவி முன்னாடியே இருக்கும், அதனால நெட் இல்லாமலே இது பேங்க் அங்கீகரிச்ச போன் போட்ட கையெழுத்தா இல்லையான்னு சொல்லிடும். 500 ரூபா நோட்ட வெளிச்சத்துல தூக்கிப் பாத்து நூல் இருக்கா, காந்தி தெரியுறாரான்னு பாக்குறாங்களே, அந்த வேலைய இங்க கணக்கு பண்ணுது, அங்கயும் பேங்க்குக்கு போன் போட்டு யாரும் கேக்குறதில்ல.

இதுல யாரும் அதிகமா பேசாத ஒரு இடம் இருக்கு, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது. தட்டுறப்போ நடுவுல போன் விலகிடுச்சுன்னா? என்எஃப்சி நாலு சென்டிமீட்டர்தான், கை ஈரமா இருக்கு, கூட்டத்துல ஒருத்தர் இடிக்கிறாரு, போன் நகந்துடுச்சு. கொடுக்குற போன் பணத்த கழிச்சு சீட்டு எழுதிடுச்சு, சீட்டு போய் சேந்துதா இல்லையான்னு அதுக்கு தெரியாது. போய் சேந்துருச்சுன்னு பதில் வரணும், அந்த பதில் வழியில தொலைஞ்சிருந்தா? பதில் கிடைச்சதுன்னு இன்னொரு பதில் அனுப்பலாம், அதுவும் தொலையலாம். இதுக்கு முடிவே கிடையாது, எத்தனை தடவை பேசிக்கிட்டாலும் கடைசியா பேசினது போய் சேந்துதான்னு நூறு சதவீதம் ரெண்டு பக்கமும் உறுதியா தெரிஞ்சுக்க முடியாதுன்னு கம்ப்யூட்டர் படிப்புல ரொம்ப நாளைக்கு முன்னாடியே நிரூபிச்சுட்டாங்க. அப்ப நடைமுறைல என்ன பண்ணலாம்? பணத்த கழிச்ச உடனே அந்த சீட்ட போன் பத்திரமா வெச்சுக்கணும், திரும்ப ஒட்டினா புது சீட்டு எழுதக்கூடாது, அதே சீட்ட அதே எண்ணோட திரும்ப கொடுக்கணும், வாங்குற போன் அந்த எண்ண முன்னாடியே பாத்திருந்தா ரெண்டாவது தடவை பணம் சேக்காம ஆமா வந்துருச்சுன்னு மட்டும் சொல்லணும். இப்படி பண்ணா எத்தனை தடவை தட்டினாலும் பணம் ஒரு தடவைதான் போகும். ஆனா அந்தாளு திரும்ப ஒட்டாம அப்படியே நடந்து போயிட்டா சீட்டு அவர் போன்ல மாட்டிக்கும், நெட் வர்ற வரைக்கும் அந்தப் பணம் ரெண்டு பேர்கிட்டயும் இல்ல. அதனால நெட் இல்லாம வாங்குறவங்க ஒரு பழக்கம் வெச்சுக்கணும், கொடுக்குறவங்க போன்ல டிக் வந்தத பாக்கக்கூடாது, தன்னோட போன்ல வந்திருக்கான்னு பாக்கணும், வரலன்னா அங்கேயே திரும்ப ஒட்டச் சொல்லணும். மீன் கடைல, காய் கடைல இருக்குற அக்காங்களுக்கு இத சொல்லிக்கொடுக்காம இந்த வசதிய இறக்கினா ராத்திரி கணக்கு பாக்குறப்போ சண்டைதான் வரும்.

அந்த ரகசிய அறைய உடைக்கவே முடியாதான்னு கேட்டா, யாரும் அப்படி எழுதிக்கொடுக்க மாட்டாங்க. அதனாலதான் ரிசர்வ் பேங்க் தொகைய சின்னதா வெச்சிருக்கு. 2022 ஜனவரில வெளியிட்ட விதிமுறைல நெட் இல்லாத பணப்பரிமாற்றத்துக்கு ஒரு தடவைக்கு 200 ரூபா, மொத்தமா 2000 ரூபான்னு வெச்சாங்க. 2023 ஆகஸ்ட்ல 200 ரூபாய 500 ஆக்கினாங்க. 2024 டிசம்பர்ல யூபிஐ லைட்டுக்கு (பின் இல்லாம சின்ன தொகை போடுற வசதி, அடுத்து சொல்றேன்) தடவைக்கு 1000, மொத்தம் 5000னு ஏத்தினாங்க. ஒரு போனை உடைக்க ஆகுற செலவு, அந்த போன்ல இருந்து எடுக்க முடியுற பணத்தவிட ரொம்ப அதிகமா இருந்தா திருடன் வரமாட்டான், இதுதான் இந்த எல்லையோட காரணம். சின்ன தொகைன்னு குறை சொல்றவங்க இருக்காங்க, நான் சொல்ல மாட்டேன், புயல் நாள்ல பால், மெழுகுவத்தி, மருந்து வாங்க இது போதும்.

இங்க ஒரு குழப்பத்த தீத்து வெச்சுடணும், ஏன்னா எங்க தெருவுலயே பாதி பேர் தப்பா புரிஞ்சு வெச்சிருக்காங்க. யூபிஐ லைட் வேற, யூபிஐ லைட் எக்ஸ் வேற. 2022 செப்டம்பர்ல வந்த யூபிஐ லைட்ல பின் அடிக்க வேணாம், சின்ன தொகை டக்குனு போகும், ஏன்னா ஒவ்வொரு தடவையும் உங்க பேங்க்கோட பெரிய சர்வர போய் தட்டுறதில்ல, முன்னாடியே எடுத்து வெச்ச பணத்துல இருந்து கழியும், பாஸ்புக்லயும் அஞ்சு ரூபா பத்து ரூபான்னு வரி வரியா வராது. ஆனா அதுக்கு நெட் வேணும். டவர் இல்லன்னா லைட்டும் போகாது. 2023 செப்டம்பர்ல என்பிசிஐ அறிமுகப்படுத்துன லைட் எக்ஸ் தான் ரெண்டு போனும் நெட் இல்லாம ஒட்டி வெச்சு பணம் மாத்துறது, பீம் ஆப்ல பாக்கலாம். அதுக்கு கொடுக்குற போன்லயும் வாங்குற போன்லயும் என்எஃப்சி இருக்கணும்.

பிரச்சனையே அங்கதான். பத்தாயிரம் ரூபா பக்கம் விக்கிற போன்ல என்எஃப்சி இருக்குறது அபூர்வம். கம்பெனிக்காரங்க இந்தியாவுக்கு அனுப்புற மாடல்ல அத எடுத்துட்டு, அதே போனை வெளிநாட்டுல என்எஃப்சியோட விக்கிறதும் நடக்குது. ஐபோன்ல சிப் இருக்கு, ஆனா மத்த ஆப்ங்க அந்த சிப்ப வெச்சு பணம் கட்ட ஆப்பிள் 2024ல திறந்துவிட்டப்போ சொன்ன நாடுகள் பட்டியல்ல இந்தியா இல்ல. அதே வருஷம் அவங்க ரெண்டு ஐபோனை ஒட்டி பணம் மாத்துற வசதியும் விட்டாங்க, அது அமெரிக்காவுக்கு மட்டும். ஆக, புயல் வந்தா யாருக்கு இந்த வசதி ரொம்ப தேவையோ, மூலக்கொத்தளத்துலயும் எழில் நகர்லயும் காசிமேட்டுலயும் இருக்குறவங்களுக்கு, அவங்க போன்ல அந்த கம்பிச் சுருள் இல்ல. எனக்கு இதுல உண்மையாவே கோவம் வருது. டிஜிட்டல் பணம் எல்லாருக்கும்னு சொல்ற அரசாங்கம், இந்தியாவுல விக்கிற எல்லா ஸ்மார்ட்போன்லயும் என்எஃப்சி கட்டாயம்னு ஒரு விதி போட்டா என்ன?

சிப் இல்லாத போனுக்கு சத்தத்துல பணம் அனுப்புற வழியும் உண்டு, மைக்கும் ஸ்பீக்கரும் எல்லா போன்லயும் இருக்கே. இன்னைக்கு ஜீபேன்னு சொல்றத கூகுள் 2017 செப்டம்பர்ல தேஜ்ங்கிற பேர்ல இந்தியாவுல இறக்கினப்போ பக்கத்துல இருக்குற போன கண்டுபிடிக்க காதுக்கு கேக்காத ஒலியதான் பயன்படுத்துச்சு. 2022 மார்ச்ல சாதாரண பட்டன் போனுக்காக வந்த யூபிஐ 123பே திட்டத்துலயும் ஒலி ஒரு வழியா இருக்கு. ஏலக் கூச்சல்லயும் லாரி ஹார்ன்லயும் ஒலி எவ்ளோ நல்லா வேலை செய்யும்ங்கிறது தனி கேள்வி, தவிர ஒலி வெறும் அறிமுகம் பண்ணி வெக்கிறதுதான், பணத்த மாத்த பின்னாடி பேங்க் தொடர்பு வேணும். *99# அடிச்சு பணம் அனுப்புறதும் அப்படித்தான், டேட்டா வேணாம், 5000 ரூபா வரைக்கும் போகும், ஆனா சிக்னல் ஒரு கோடாவது இருக்கணும்.

நெட் இல்லாம தட்டுறது நடக்காத காரியம்னு நினைக்கிறவங்க மெட்ரோல போய் பாருங்க. 2021 பிப்ரவரில வண்ணாரப்பேட்டைல இருந்து விம்கோ நகர் வரைக்கும் லைன் நீட்டினதுல இருந்து நம்ம பக்கம் தினமும் எத்தனை பேர் கேட்ல கார்ட காட்டிட்டு போறாங்க. 2023ல வந்த சிங்காரச் சென்னை கார்டு தேசிய பொது பயண அட்டை வகை, அதுல பணம் கார்டு சிப்புக்குள்ளயே இருக்கு, கேட் உங்க பேங்க்க கேட்டுட்டு திறக்குறதில்ல, சிப்புல இருந்து கழிச்சிட்டு கண் இமைக்கிறதுக்குள்ள விட்டுடும், கணக்கு அப்புறமா போய் சேரும். டெக்னாலஜி ஊருக்குள்ள வந்து ஓடிட்டு இருக்கு, அந்த வசதி ஒரு கேட்டுக்கும் கார்டுக்கும் நடுவுல இருக்கு, மீன் விக்கிறவங்களுக்கும் வாங்குறவங்களுக்கும் நடுவுல வரல, அவ்ளோதான்.

இப்ப மோசடி. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்ல தீபாவளி கூட்டத்துல யாரும் என்எஃப்சிய கடத்தி திருடுறதில்ல, அதவிட சுலபமான வழி இருக்கு. கடை ஸ்கேனர் மேல வேற ஸ்கேனர் ஸ்டிக்கர ஒட்டிட்டு போயிடறது, பணம் போன மாதிரியே திரை காட்டுற போலி ஆப், பழைய ஸ்க்ரீன்ஷாட்ட தேதி மாத்தி காட்டுறது. ஸ்பீக்கர் பெட்டி இவ்ளோ பரவினதுக்கு காரணமே இதுதான், பெட்டி பேங்க் பக்கத்துல இருந்து வர்ற செய்தியதான் சொல்லும், வாடிக்கையாளர் போன நம்ப வேண்டியதில்ல. இன்னொண்ணு, "உங்களுக்கு பணம் அனுப்புறேன், வர்றதுக்கு பின் அடிங்க"ன்னு ஏமாத்துறது, அது பணம் கேட்டு அனுப்புற கோரிக்கை, பின் அடிச்சா உங்க பணம் போகும். இதுல ஏமாந்தவங்க அவ்ளோ பேர், கடைசில தனிநபர்கள் ஒருத்தருக்கொருத்தர் அப்படி பணம் கேக்குற வசதியவே 2025 அக்டோபர்ல இருந்து என்பிசிஐ நிறுத்திடுச்சு. ஒரே ஒரு விஷயம் வீட்டுல பெரியவங்களுக்கு சொல்லிக்கொடுங்க, பணம் வாங்க பின் தேவையே இல்ல, எந்த ஆப்லயும், எந்த காரணத்துக்கும்.

பொண்ணுங்க பக்கம் இருந்து ஒண்ணு சொல்லணும். பல ஆப்ல யூபிஐ ஐடியே போன் நம்பர்தான், ஒரு அக்கா பூக்கடைல ஸ்கேனர் வெச்சிருந்தா வாங்கிட்டு போறவன் கைக்கு பேரும் நம்பரும் போயிடுது, ராத்திரி மெசேஜ் வருது. என் தங்கச்சி வேலை செய்ற கடைல இந்த தொல்லை நடந்துச்சு, நம்பர மாத்துற அளவுக்கு போச்சு. நல்லா வடிவமைச்ச தட்டுற முறைல வாங்குறவங்க நம்பர வெளில காட்ட வேண்டிய அவசியமே இல்ல, சீட்டுல ஒரு அடையாள எண் இருந்தா போதும். இப்போதைக்கு ஆப்ல போய் நம்பர் இல்லாத ஐடி ஒண்ணு உருவாக்கிட்டு அதுக்கு ஸ்கேனர் எடுத்துக்கலாம், பெரும்பாலான ஆப்ல அந்த வசதி உண்டு.

பர்மா பஜார்லயோ வேற எங்கயோ செகண்ட் ஹேண்ட் போன் வாங்குறவங்களும் கவனிக்கணும். அந்த ரகசிய அறைய பத்தி சொன்னேன்ல, ரூட் பண்ண போன்ல, அதாவது கம்பெனி போட்ட பூட்ட உடைச்சு மாத்தின போன்ல, அதச் சுத்தி இருக்குற காவல் தளர்ந்துடும், பேங்க் ஆப் பல தடவை ஓடவே ஓடாது. செக்யூரிட்டி அப்டேட் வந்து வருஷக்கணக்கு ஆன போன்ல பணம் வெக்கிறதும் நல்லதில்ல. உங்க போனை விக்கிறீங்கன்னா ரீசெட் பண்றதுக்கு முன்னாடி யூபிஐ லைட்ட ஆப்லயே நிறுத்துங்க, மீதி பணம் அக்கவுன்டுக்கு திரும்பிடும், அத பண்ணாம ரீசெட் அடிச்சுட்டா அந்த பணத்துக்கு பேங்க் பின்னாடி அலையணும். போன் தொலைஞ்சா லைட்ல இருக்குறத பின் இல்லாம எடுக்க முடியும்ங்கிறதால ஆப் லாக் கண்டிப்பா போடுங்க, உடனே சிம்ம பிளாக் பண்ணுங்க, மத்திய அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல போனையும் முடக்கலாம்.

பணம் கழிஞ்சு போய் சேரலன்னா என்ன பண்றதுன்னும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ரிசர்வ் பேங்க் 2019 செப்டம்பர்ல போட்ட விதிப்படி ஆளுக்கு ஆள் அனுப்புன யூபிஐ பணம் சேரலன்னா அடுத்த நாளுக்குள்ள தானா திரும்பணும், கடைக்கு போட்டதுன்னா அஞ்சு நாளுக்குள்ள, தாண்டினா ஒரு நாளைக்கு 100 ரூபா பேங்க் தரணும். இத கேட்டு வாங்குறவங்க ரொம்ப கம்மி. மோசடின்னா வெக்கப்படாம உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் போடுங்க, பணம் அடுத்த அக்கவுன்டுக்கு தாவுறதுக்குள்ள நிறுத்த முடியும். பேங்க்குலயும் புகார் எழுதிக்கொடுத்து நம்பர் வாங்குங்க, தப்பு உங்களுதும் பேங்குதும் இல்லாம மூணாவது ஆளால நடந்திருந்தா மூணு வேலை நாளுக்குள்ள சொன்னவங்களுக்கு நஷ்டம் கிடையாதுன்னு 2017ல இருந்தே விதி இருக்கு.

மழைக்கு முன்னாடி, அக்டோபர் ஆரம்பத்துலயே ஒரு வேலை பண்ணுங்க. போன் செட்டிங்ஸ்ல போய் என்எஃப்சின்னு தேடிப் பாருங்க. இருந்தா பீம் ஆப்ல லைட் எக்ஸ் போட்டு பணம் ஏத்திட்டு, வீட்டுல இன்னொரு போனோட ரெண்டையும் ஏர்பிளேன் மோட்ல வெச்சு பத்து ரூபா மாத்திப் பாருங்க, எந்த இடத்துல ஒட்டினா பிடிக்குதுன்னு முன்னாடியே தெரிஞ்சுடும், என்எஃப்சி மட்டும் ஆன்ல இருக்கான்னு பாத்துக்கோங்க. நீங்க பால் வாங்குற கடைக்காரர்கிட்டயும் அவர் போன்ல இருக்கான்னு கேளுங்க, அவர்கிட்ட இல்லன்னா உங்ககிட்ட இருந்து பிரயோஜனம் இல்ல. ரெண்டு பேர்கிட்டயும் இல்லன்னா பத்து, இருபது, அம்பது, நூறு ரூபா நோட்டா ஒரு ஆயிரம் ரூபாய்க்கு பிளாஸ்டிக் கவர்ல கட்டி அலமாரி மேல் தட்டுல வைங்க.